‘எறும்பு கடிச்ச மாதிரிதான்’ என்று சொல்லாதீர்கள்

எலும்பு மஜ்ஜைச் சோதனை: கட்டிலில் அரை மணி நேரம், அதன்பின் மூன்று வாரம்

காலை ஏழேகால் மணி. சிங்கப்பூரின் தோ பாயோ எம்ஆர்டி நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தோம். சித்தி என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. அவருக்கு 68 வயது. லோரோங் 8 பக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவர். முதல்நாள் மாலை வைரவிமட காளியம்மன் கோயிலுக்குப் போய், அர்ச்சகர் கொடுத்த எலுமிச்சம்பழத்தைக் கைப்பையில் பத்திரப்படுத்தியிருந்தார்.

“முதுகுத்தண்டுலதானே குத்துவாங்க?”

“இல்ல சித்தி, இடுப்பெலும்புல.”

“கீழ் வீட்டு அம்மா சொல்றாங்க, அங்க குத்துனா கால் வெளங்காமப் போயிடுமாம்.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

நான்தான் அப்படிச் சொன்னேன். முந்தின இரவு அவர் மகனும் அதையேதான் சொல்லியிருந்தான். எங்கள் இருவருக்குமே அந்தச் சோதனை எப்படி இருக்கும் என்று தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. முன்பதிவு, மருந்துப் பட்டியல், மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) படிவம் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்தவர்கள், அந்தக் கட்டிலில் அவருக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

மூன்று மாதமாகவே சித்திக்கு மூச்சு வாங்கியது. ஈரச்சந்தைக்குப் போய்த் திரும்பும்போது நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே குறைந்திருந்தன. பி12 குறைவாக இருந்தாலும் இப்படி ஆகலாம் என்று அதையும் பார்த்தார்கள். சைவ உணவு மட்டுமே சாப்பிடும் நம் பெரியவர்கள் பலருக்கு இது பொருந்தும். ஊசியும் மாத்திரையும் போட்டாலே சரியாகிவிடும். சித்திக்கு பி12 சரியாகவே இருந்தது. ரத்தம் ஏன் குறைகிறது என்பதை, அது உற்பத்தியாகும் இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

நல்லி எலும்புக்குள் என்ன இருக்கிறது?

மஜ்ஜை என்ற சொல் மருத்துவமனையில்தான் நம் காதில் விழுகிறது. பொருள் என்னவோ நமக்குப் பழகியதுதான். நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சிச் சாப்பிடாத வீடு அசைவக் குடும்பங்களில் உண்டா? பீச் ரோட்டின் கோல்டன் மைல் உணவங்காடியில் இந்திய முஸ்லிம் கடைக்காரர்கள் தரும் சிவப்புச் சூப் துலாங்கில், எலும்பின் ஓட்டையில் உறிஞ்சுகுழாய் வைத்து இழுப்பது இந்த மஜ்ஜையைத்தான். சித்த மருத்துவம் உடலின் ஏழு தாதுக்களில் ஒன்றாக இதை வைத்து, ‘மூளை’ என்று பெயரிட்டிருக்கிறது. தலைக்குள் இருப்பதற்கும் எலும்புக்குள் இருப்பதற்கும் ஒரே சொல். ‘எலும்பு மூளையை எடுக்கிறார்கள்’ என்று கேட்டதும் பழைய தலைமுறை நடுங்குவதில் வியப்பில்லை.

உள்ளே நடப்பது ரத்த உற்பத்தி. வளர்ந்த ஒருவரின் மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல். குழந்தைப் பருவத்தில் எல்லா எலும்புகளிலும் இந்த வேலை நடக்கும். வயதாக ஆக, கை கால் எலும்புகளில் கொழுப்பு நிறைந்துவிட, இடுப்பெலும்பு, முதுகெலும்பு, நெஞ்செலும்பு, விலா எலும்பு ஆகியவற்றில் வேலை தங்கிவிடுகிறது. இவற்றில் பெரியதும், தோலுக்கு அருகிலிருப்பதும், பக்கத்தில் ஆபத்தான உறுப்பு இல்லாததும் இடுப்பெலும்பின் பின்புற மேடு. புட்டத்துக்குச் சற்று மேலே இருபுறமும் தெரியும் குழிகளைத் தொட்டுப் பாருங்கள், அந்த இடம்தான்.

1927-ல் லெனின்கிராட்டில் அரின்கின் என்ற மருத்துவர் நெஞ்செலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து எடுக்கும் வழக்கம் 1950களின் இறுதியில் பரவியது. ஈரானில் பிறந்த மருத்துவர் ஜம்ஷிடி 1971-ல் வடிவமைத்த ஊசியின் பெயர்தான் இன்றும் மருத்துவமனைகளில் புழங்குகிறது. வரலாறு இவ்வளவு போதும்.

▪ பெட்டிச் செய்தி: முதுகுத்தண்டு ஊசி வேறு, இது வேறு

முதுகெலும்புகளின் இடைவெளி வழியே தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை எடுப்பது ஒரு சோதனை. இடுப்பெலும்புக்குள்ளிருந்து மஜ்ஜை எடுப்பது இன்னொன்று. மஜ்ஜைச் சோதனையில் ஊசி தண்டுவடத்தின் அருகே போவதே இல்லை. சிலவகை ரத்தப் புற்றுநோய்களில் இரண்டும் தேவைப்படலாம். அப்போது இரண்டையும் தனித்தனியாக விளக்கி ஒப்புதல் கேட்பார்கள். மஜ்ஜை தானமும் வேறு. சோதனைக்கு எடுப்பது ஓரிரு தேக்கரண்டி அளவுதான். உடல் அதை விரைவில் ஈடுகட்டிவிடும். ‘மஜ்ஜை எடுத்தால் ஆள் இளைத்துவிடுவார்’ என்பதில் உண்மையில்லை.

கட்டிலில் அந்த அரை மணி

சித்தியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முழங்காலை வயிற்றை நோக்கி மடக்கச் செய்தார்கள். குப்புறப் படுக்கவைப்பதும் உண்டு. மருத்துவர் கட்டைவிரலால் எலும்பை அழுத்தித் தேடி, பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். கிருமிநாசினி சில்லென்று பட்டது. அதற்கே சித்தி துள்ளினார்.

அடுத்து மரத்துப்போவதற்கான லிக்னோகைன் ஊசி. முதலில் தோலில், பிறகு எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு வரை. எரிச்சலாக இருக்கும். சில விநாடிகளில் அடங்கிவிடும். அது நன்றாகப் பிடிக்கும்வரை சில நிமிடம் காத்திருப்பார்கள். இந்தக் காத்திருப்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

பிறகு பெரிய ஊசி. எலும்பு கெட்டியானது, அதனால் மருத்துவர் உடல் எடையைக் கொடுத்து அழுத்தித் திருகுவார். வலியைவிட அழுத்தமே அதிகம் தெரியும். யாரோ இடுப்பில் முழங்கையை வைத்து ஊன்றுவதுபோல் இருந்ததாகச் சித்தி பின்னர் சொன்னார். எலும்பு நறநறவென்று ஒலிப்பதும் கேட்கலாம். ஒலியைக் கேட்டு வலியை எதிர்பார்த்து உடலை இறுக்குபவர்கள் பலர். இறுக்கினால் கூடுதலாகத்தான் வலிக்கும்.

இங்கேதான் மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்போது மஜ்ஜையை உறிஞ்சப்போவதாகவும், பத்து விநாடிபோல் கூர்மையாக இழுக்கும், காலுக்குள் மின்னல் இறங்குவதுபோல் இருக்கும், அதற்கு மரத்துப்போகும் ஊசி உதவாது என்றும் ஆங்கிலத்தில் சொல்லி, தமிழில் சொல்லச் சொன்னார்.

நான் குனிந்து, “கொஞ்சம் இழுக்கும் சித்தி” என்றேன்.

அவர் போட்ட சத்தத்தில் திரைக்கு அப்பாலிருந்த பேச்சு நின்றது.

ஏன் வலிக்கிறது?

எலும்பின் மேற்புறத்தையும் அதன் சவ்வையும் மரக்கச் செய்யலாம். உட்புறத்துக்கு மருந்து போய்ச் சேர்வதில்லை. எலும்பு ஒரு மூடிய பெட்டி. அதற்குள்ளிருந்து ஊசிக்குழாயால் இழுக்கும்போது உள்ளழுத்தம் சட்டென்று குறைகிறது. பல்லின் வேரில் சுருக்கென்று இழுப்பதுபோல், இடுப்பிலிருந்து தொடை வரை ஓர் இழுப்பு. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. சிலர் முகத்தைச் சுளிப்பதோடு சரி, சிலர் கத்திவிடுகிறார்கள். இழுப்பது நின்றதும் வலியும் நிற்கிறது.

வலி ஒருமுறையோடு முடியாமலும் போகலாம். முதலில் இழுத்த சொட்டுகளை மருத்துவரின் பக்கத்திலேயே கண்ணாடிச் சில்லுகளில் தடவிப் பார்ப்பார்கள். ரவைபோல் சின்னச் சின்னத் துகள்கள் அதில் தென்பட வேண்டும். அவை இருந்தால்தான் வந்தது மஜ்ஜை. இல்லாவிட்டால் வெறும் ரத்தம். மரபணு, நிறமூர்த்தச் சோதனைகளுக்கு மறுபடி இழுக்க வேண்டியிருக்கும். ‘இன்னொரு முறை’ என்று காதில் விழுந்ததும், ஏதோ தவறிவிட்டது என்று நோயாளி பயந்துவிடுகிறார். பெரும்பாலும் அப்படி எதுவும் நடந்திருக்காது. மஜ்ஜை நார்பிடித்து இறுகியிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் வராது. அதுவே மருத்துவருக்கு ஒரு தடயம்.

நீர்ம மாதிரி எடுத்த பிறகு, அதே துளை வழியே ஊசியைச் சற்று வேறு கோணத்தில் செலுத்தி, ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் பென்சில் கரிபோன்ற ஒரு சிறு எலும்புத் துண்டை எடுப்பார்கள். நீர்மத்தில் அணுக்களின் முகம் தெரியும். துண்டில் அவை குடியிருக்கும் வீட்டின் அமைப்பு தெரியும். இரண்டும் தேவை என்பதால்தான் இரண்டும் எடுக்கிறார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் இதயமும் பெரிய ரத்தக்குழாய்களும் இருப்பதால் அங்கிருந்து துண்டு எடுப்பதில்லை.

வலியைக் குறைக்க வழிகள் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. முன்கூட்டியே வலிநிவாரணி, லேசான மயக்கம் தரும் ஊசி, மூச்சில் இழுக்கும் வாயு ஆகியவை மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். மயக்க மருந்து என்றால் சாப்பிடாமல் போக வேண்டும், திரும்பும்போது துணைக்கு ஆள் வேண்டும், அன்று வண்டி ஓட்டக்கூடாது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்க நிலையில்தான் செய்கிறார்கள்.

▪ பெட்டிச் செய்தி: போகும் முன்னும் வந்த பின்னும்

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்றவை எடுப்பவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். நாமாக நிறுத்துவது ஆபத்து, குறிப்பாக இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு. நாட்டு மருந்து, மீன் எண்ணெய் மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். மரத்துப்போகும் ஊசிக்கு முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முடிந்ததும் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, மல்லாந்து படுக்கவைத்துக் கண்காணிப்பார்கள். கட்டு ஒரு நாள் நனையக்கூடாது. சில நாள்களுக்கு உள்வலி இருக்கும், பனடோல் போதும். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம். கோடாலித் தைலத்தைக் காயத்தில் தேய்க்கவே கூடாது. அழுத்தியும் நிற்காத ரத்தம், காய்ச்சல், சிவந்து வீங்குதல், நாளுக்கு நாள் கூடும் வலி, காலில் மரப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை.

ஆபத்து எவ்வளவு?

பிரிட்டனின் ரத்தவியல் மருத்துவர் பார்பரா பெய்ன் 2003-ல் வெளியிட்ட கணக்கெடுப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஏறத்தாழ 54,890 சோதனைகளில் பாதிப்பு ஏற்பட்டவை 26. அவற்றுள் பாதிக்கு மேல் ரத்தக்கசிவு, ஒருவர் அதனால் உயிரிழந்தார். இரண்டாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது ஆறுதலான கணக்கு. ஆனாலும் ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்கள் மருந்துப் பட்டியலை அலட்சியமாக நீட்டக்கூடாது என்பதை அந்த 26 பேர் சொல்கிறார்கள்.

காத்திருக்கும் வாரங்கள்

வலி பத்து விநாடி என்றேன். அதன்பின் வரும் வாரங்களைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை.

கண்ணாடிச் சில்லில் தடவிய மாதிரியைச் சாயமேற்றிப் பார்க்க ஓரிரு நாள் போதும். எலும்புத் துண்டை அப்படியே அறுத்துப் பார்க்க முடியாது. அதன் சுண்ணாம்பைக் கரைத்து மென்மையாக்கிய பிறகே மெல்லிய சீவலாக வெட்டுவார்கள். அதற்கு ஒரு வாரம்போல் ஆகும். நிறமூர்த்தச் சோதனைக்கு அணுக்களை வளர்க்க வேண்டும், மரபணு முடிவுகளும் வர வேண்டும். மொத்தத்தில் இரண்டு மூன்று வாரம். ‘இன்னும் வரல்லையா, அப்ப ஏதோ பெருசா இருக்கு’ என்று நினைத்து நினைத்துச் சித்தி தூங்கவில்லை. தாமதத்துக்கும் நோயின் கடுமைக்கும் சம்பந்தமில்லை என்பதை யாராவது முதல்நாளே சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரம் இப்படிப் போயிருக்காது. எந்த முடிவு எந்தத் தேதியில் வரும், தொலைபேசியில் சொல்வார்களா, நேரில் வர வேண்டுமா என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அறிக்கை எதைச் சொல்லலாம்? ரத்தப் புற்றுநோயா, மைலோமாவா, நிணநீர்ப் புற்று மஜ்ஜைக்குள் பரவியிருக்கிறதா, மஜ்ஜை வறண்டுவிட்டதா, காசநோய் போன்ற தொற்று உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பட்டியல் நீளமானது. புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யவே எடுக்கப்படும் சோதனைகளும் நிறைய. நோய் தெரிந்தபின் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கத் திரும்பத் திரும்ப எடுக்க நேரும். அதனால்தான் முதல்முறை எப்படிப் போகிறது என்பது முக்கியம். முதல்முறை ஏமாந்தவர் இரண்டாம் முறைக்கு வர மறுக்கிறார். அப்படித் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் சிகிச்சையிலிருந்து கழிகிற வாரம்.

சித்திக்கு வந்த முடிவு: மைலோடிஸ்பிளாசியா, ஆபத்துக் குறைந்த வகை. மஜ்ஜை உழைக்கிறது, ஆனால் அணுக்களைச் செம்மையாக உருவாக்கவில்லை. இப்போது சிவப்பணுவைக் கூட்டும் ஊசி போட்டுக்கொள்கிறார், தேவைப்பட்டால் ரத்தமும் ஏற்றுகிறார்கள். சந்தைக்குப் போய் வருகிறார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் உட்காருகிறார்.

யார் மொழிபெயர்க்கிறார்கள்?

சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. ஆனாலும் மருத்துவரின் அறைக்குள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பவர் மகன், மகள், பேத்தி. அன்பு இருக்கிற இடத்தில்தான் உண்மை கரைகிறது. ‘கூர்மையாக இழுக்கும்’ என்பது என் வாயில் ‘கொஞ்சம் இழுக்கும்’ ஆனதுபோல், ‘புற்றுநோயா என்று பார்க்கிறோம்’ என்பது ‘ரத்தச் சோகைக்கு ஒரு டெஸ்ட்’ ஆகிவிடுகிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர் எதற்கு ஒப்புகிறார் என்று தெரியாமலேயே ஒப்புகிறார். மருத்துவமனையில் தமிழ் பேசும் ஊழியரை வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பது உரிமை.

குடும்பமே அருகில் இல்லாதவர்களின் நிலை இன்னும் கடினம். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் நம் வெளிநாட்டு ஊழியர்களில் ஒருவருக்கு இந்தச் சோதனை என்றால், கையைப் பிடிக்க யார் வருவார்? வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரின் மருத்துவச் செலவுக்கு முதலாளி பொறுப்பு. 2023 ஜூலை 1 முதல் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு முதலாளி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். முன்பு அது 15,000 வெள்ளி. இது தெரியாமல், ‘செலவு ஏறினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்று பயந்து சோர்வையும் காய்ச்சலையும் மறைப்பவர்கள் உண்டு. மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாலே போதும், பாதிச் சிக்கல் அங்கே அவிழும்.

குடியிருப்பாளர்களுக்கு ஒரு குறிப்பு: பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனை நிபுணரிடம் போனால் மானியக் கட்டணம். மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி இரண்டில் எது பொருந்தும் என்பதைச் சோதனை நாளில் அல்ல, முன்பதிவின்போதே முகப்பில் கேட்டுவிடுவது நல்லது.

பொருந்தும் ஒருவர்

சிலருக்கு இந்தச் சோதனையின் முடிவு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் போய் நிற்கும். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் முதல் மாற்றுச் சிகிச்சை 1985-ல் நடந்தது. அடுத்த ஆண்டு வேலூர் சிஎம்சி மருத்துவமனையில். உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். குடும்பத்தில் கிடைக்காவிட்டால் அந்நியர் ஒருவரைத் தேட வேண்டும். திசுப் பொருத்தம் வம்சாவளியைச் சார்ந்தது என்பதால், ஒரு தமிழ் நோயாளிக்கு நம்மவரிடையேதான் வாய்ப்பு அதிகம். நன்கொடையாளர் பதிவேட்டில் நம்மவர் குறைவாக இருந்தால், தேடல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் 1993 முதல் எலும்பு மஜ்ஜை நன்கொடையாளர் திட்டம் இயங்குகிறது. சென்னையில் தாத்ரி பதிவேடு 2009 முதல். சேர்வதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவித் தந்தால் போதும். பொருந்திவிட்டால், பெரும்பாலும் சில நாள் ஊசி போட்டுக் கைநரம்பு வழியாகவே செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் பதிவு செய்ய வேண்டும். நம் நோயாளிக்கு வேறு எங்கிருந்து ஆள் வரும்?

இரண்டாவது முறை

அன்று கட்டிலிலிருந்து எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டே சித்தி சொன்னது இன்னும் எனக்குள் இருக்கிறது: “வலிச்சதுகூடப் பரவால்லடா. நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்.”

ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. முதல்நாள் இரவே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்த இழுக்குற நேரத்துல நீ எண்ணு, நான் மூச்ச விடுறேன்” என்றார். தமிழில் எண்ணினேன். ஒன்பதில் முடிந்தது.

அடுத்த வாரம் உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சோதனை என்றால், இன்றே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்: இடுப்பெலும்பில்தான் எடுப்பார்கள், முதுகுத்தண்டில் இல்லை. மரத்துப்போக ஊசி உண்டு. உறிஞ்சும்போது மட்டும் பத்து விநாடி நன்றாக வலிக்கும். முடிவு வர மூன்று வாரம் ஆகலாம். நான் கூடவே இருப்பேன்.